அழைப்பு மணியில் இரண்டு பெயர்கள்

மாக்டபர்க், ஜெர்மனி
13.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

மாரீஸ்வரி எழுதுவது. நானும் அவரும் நல்லபடியாக வந்து சேர்ந்து பன்னிரண்டு நாளாகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறதா? அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அந்த நாலு மணி நேரத்தில்தான் நீ சண்முகவடிவு டீச்சர் வீட்டுக்கு வர முடியும் என்று தெரியும். அதனால் டீச்சர் விலாசத்துக்கே எழுதுகிறேன். போன் வேண்டாம் என்று நீ சொன்னது சரிதான். உன் போனை அண்ணன் தினமும் வாங்கிப் பார்க்கிறான். டீச்சர் போனில் பேசி, அது வெளியே தெரிந்தால் அவருக்கும் தொல்லை. காகிதம் என்றால் படித்த கையோடு கிழித்துவிடலாம்.

எங்களுக்கு மாணவர் விடுதியில் தம்பதிகளுக்கான ஒரு அறை கிடைத்திருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேசை. படிப்பதற்கு முறை போட்டுக்கொண்டோம். காலையில் மேசை எனக்கு, சாயங்காலம் அவருக்கு. அடுக்களை ஆறு பேருக்குப் பொது. முதல் நாள் நான் மிளகாய் வறுத்ததில் எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டேன். இப்போது வெறும் சீரகம்தான் தாளிக்கிறேன்.

இன்னொரு விஷயம். இங்கே கதவு எண்ணை மட்டும் எழுதினால் தபால் வராது. வாசல் மணிக்குப் பக்கத்திலும் தபால் பெட்டியிலும் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவரவர் அப்பா பெயர்தானே இருக்கிறது. அதைத்தான் ஒட்டச் சொன்னார்கள். மேலே அவர் அப்பா கோட்டைச்சாமி, கீழே நம் அப்பா மாரிச்சாமி. நம் காட்டில் பருத்தி எடுத்த மாமா பெயரும், அந்தக் காட்டுக்காரர் பெயரும் ஒரே சீட்டில்.

அவசர அவசரமாக ஒட்டினேன். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு கிழவரும் அவருடைய நாயும்தான் போய்க்கொண்டிருந்தார்கள். "இங்க யாருடி இத வாசிக்கப் போறா?" என்று இவர் சிரித்தார். சிரித்தாலும், உள்ளே வந்ததும் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

உடனே பதில் போடு அம்மா.

உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
மாரீஸ்வரி

அருப்புக்கோட்டை
7.11.2024

என் தங்கமான மகள் மாரீஸ்வரிக்கு,

அம்மா ஆசீர்வாதம். உன் கடிதத்தை டீச்சர் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன். கிழிக்க மனசு வரவில்லை. டீச்சரிடமே கொடுத்து வைத்திருக்கிறேன்.

இங்கே ஐப்பசியில் இரண்டு நல்ல மழை. மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. அப்பாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று அளவு. அதற்குத்தான் வீட்டில் தினம் சண்டை.

அவருக்கு உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. ஊசி குத்திப் படுக்க வைத்திருந்தார்கள், எழுந்து போக முடியாதே என்ற தைரியத்தில் காதோரம் சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.  பிறகு, "யாரு பேரு மேல இருக்கு?" என்றார். கோட்டைச்சாமி பெயர்தான் மேலே என்றேன்.  "அவன் எனக்கு ரெண்டு வயசு மூப்பு. இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பாலவனத்தத்தில் மகள் யுவராணி வீட்டில் இருக்கிறார்கள். ஒரு வகையில் நல்லதுதான்.

உன் அண்ணன் ஜெகதீஸ்வரனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. நீ போன புதிதில் சட்டி பானையைப் போட்டு உடைத்தானே, அதெல்லாம் இப்போது இல்லை. சத்தமே போடுவதில்லை. சாப்பிடுகிறான், போகிறான், வருகிறான். உன் பெரியப்பா மகன் விஜயபாண்டிதான் எப்போதும் கூட இருக்கிறான். நான் போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவன் கத்தியபோது எனக்கு இவ்வளவு பயம் இல்லை.

சீரகம் மட்டும் போட்டால் உடம்புக்கு எப்படிப் பிடிக்கும்? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மிளகாய் கிள்ளிப் போடு. அந்தப் பிள்ளைக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

உன் அம்மா
சந்தனம்மாள்

மாக்டபர்க்
19.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபிக்காதே. பரீட்சை நெருங்குகிறது. அப்பா சொன்னதை எழுதியிருந்தாயே, அதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

பனி விழுந்து தெருவெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. அவர் வாரத்தில் மூன்று நாள் பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறார். நான் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். வகுப்பில் பாதிப் பாடம் புரிகிறது, மீதியை அவர் சொல்லித் தருகிறார். அவர் ஜெர்மன் பேசினால் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், அதை நான் திருத்துகிறேன். இப்படியே ஓடுகிறது.

ஆனால் அம்மா, வெளிநாட்டில் யாராவது தமிழ் பேசினால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன். இங்கே டிராமில் தமிழ் கேட்டால் இருவரும் அடுத்த பெட்டிக்கு மாறி ஏறுகிறோம். வகுப்பில் கதவைப் பார்த்த மாதிரிதான் உட்காருகிறேன். காரியாபட்டிப் பையன் ஒருவன், மதன்குமார் என்று பெயர், உணவுக்கூடத்தில் வந்து, "அக்கா பேச்சக் கேட்டா நம்ம பக்கம் மாதிரியே இருக்கே, எந்த ஊருக்கா?" என்றான். மதுரை என்றேன். மதுரையில் எங்கே என்றான். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்காக எங்களுக்குள் பெரிய சண்டை. "இப்படிப் பயந்துக்கிட்டே இருக்கணும்னா ஊர்லயே இருந்திருக்கலாமே மாரி. நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்றார். அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அவர் சொல்வதும் நியாயம்தானே என்று, போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குக் கிளம்பினோம். பச்சைச் சேலை கட்டினேன். அவர் வேட்டி கட்டி அதன்மேல் பெரிய கோட்டு மாட்டிக்கொண்டார். நாலு மணி நேரம், அம்மா, நான் எதையும் நினைக்கவில்லை. சத்தமாகச் சிரித்தேன்.

கடைசியில் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நாங்கள் பின்வரிசையில் ஒதுங்கித்தான் நின்றோம். மறுநாள் பார்த்தால் அது பேஸ்புக்கில் இருக்கிறது, இந்த ஊர்ப் பெயரோடு. நீக்கச் சொல்லிக் கேட்டதும் நீக்கிவிட்டார்கள். ஒன்றரை நாள்தான் இருந்தது. யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

பார்த்திருக்க மாட்டார்கள்தானே அம்மா?

உன்
மாரீஸ்வரி

அருப்புக்கோட்டை
8.2.2025

மாரீஸ்வரிக்கு,

நேரமில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் அண்ணன் பார்த்துவிட்டான். விஜயபாண்டி போனில் அந்தப் படம் இருக்கிறது. என்னிடமே கொண்டுவந்து பெரிதாக்கிக் காட்டினான். "உன் மக சிரிக்கிறதப் பாத்தியாம்மா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான். பச்சைச் சேலையில் நீ மெலிந்திருந்தாய். பார்த்ததும் அழுகை முட்டியது, அழவில்லை. இது எந்த ஊர் என்று, தெரியாதவள் மாதிரி நானே அவனிடம் கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அறையை விட்டு மாறுங்கள். இருவருடைய போன் நம்பரையும் மாற்றுங்கள். யாரிடமும் புது விலாசம் சொல்ல வேண்டாம். எனக்கும்கூட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் தபால் வாங்க ஏதாவது வழி இருந்தால் அதை மட்டும் எழுது.

ஒன்று சொல்கிறேன், காரணம் கேட்காதே. யார் கூப்பிட்டாலும், எதற்குக் கூப்பிட்டாலும் ஊருக்கு வராதே.

மாப்பிள்ளையை வேலைக்குத் தனியாக அனுப்பாதே.

அம்மா

மாக்டபர்க்
2.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இடம் மாறிவிட்டோம். வேறு பகுதியில் ஒரு வயதான அம்மாள் வீட்டு மாடி. நம்பரும் மாற்றியாயிற்று. இந்தக் கடிதத்தின் பின்னால் என் துறை அலுவலக விலாசம் எழுதியிருக்கிறேன், அங்கே போட்டால் எனக்கு வந்துவிடும். அவர் வேலை முடிந்து வர கால் மணி நேரம் தாமதமானாலும் நான் கோட்டை மாட்டிக்கொண்டு டிராம் நிறுத்தத்துக்குப் போய் நின்றுவிடுகிறேன். அவர் என்னைத் திட்டுவதை விட்டுவிட்டார். அவரும் பயப்படுகிறார் அம்மா. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் அந்த மதன்குமார் வகுப்பு வாசலில் காத்திருந்தான். முகமே சரியில்லை. அண்ணன் எப்படியோ அவன் நம்பரைப் பிடித்துப் பேசியிருக்கிறான். "உங்க அப்பாவுக்கு ரொம்ப முடியலயாம்க்கா. எல்லாத்தையும் மறந்துட்டோம், ரெண்டு பேரும் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்கன்னு அழுதாருக்கா" என்றான். "உங்கள நான் பாக்கவே இல்லன்னு சொல்லிட்டேன். அவர் நம்பரையும் பிளாக் பண்ணிட்டேன். இனிமே என்னய இதுல இழுக்காதீங்கக்கா." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் அழுதானா? சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அழுவானே, அந்த அழுகையா? நிஜமாகவே மனம் மாறியிருந்தால்? அப்பா என்னைக் கேட்கிறாரா?

மதுரைக்கு விமானம் பார்த்து வைத்திருக்கிறேன். அவரும் வருகிறேன் என்கிறார். "உன்னைத் தனியா விட்டுட்டு நான் இங்க உக்காந்திருப்பனா?" என்கிறார். நான் மட்டும் வருகிறேன் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்.

நீ "வா" என்று ஒரு வார்த்தை எழுது. கிளம்பிவிடுகிறோம். உன் கடிதம் வரும்வரை காத்திருப்போம். சீக்கிரம் எழுது அம்மா.

உன்
மாரீஸ்வரி

அருப்புக்கோட்டை
29.3.2025

என் மகள் மாரீஸ்வரிக்கு,

எங்கேயாவது உட்கார்ந்து படி. மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அப்பா போய்விட்டார். மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில். மூன்று நாளுக்கு முன்னால் பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. உன் கடிதம் டீச்சர் வீட்டில் பிரிக்காமலே கிடந்தது. இன்றைக்குத்தான் படிக்கிறேன். மிச்ச மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் வாசல் தாண்டிவிட்டாள் என்று பேசுவார்கள். பேசட்டும்.

போன மாதம் காரணம் கேட்காதே என்று எழுதினேன். இப்போது சொல்கிறேன். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஜெகதீஸ்வரனும் விஜயபாண்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருந்தது தெரியாது. "அவ்வளவு தூரம் நாம எதுக்குலே போகணும்? அப்பன் செத்தா அவளே வருவா. அவன் கூட வராம இருப்பானா?" என்றான் விஜயபாண்டி. உன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, மாரீஸ்வரி. அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா இறந்த அன்று ஊரே கூடி என்னைக் கேட்டது. மகள் நம்பரைக் கொடு, முகத்தையாவது பார்க்கட்டும் என்றார்கள். உனக்காகக் குளிர்பெட்டியில் ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தார்கள். ஜெகதீஸ்வரன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "தங்கச்சிக்குச் சொல்லும்மா, அவ அப்பாவப் பாக்கணும்மா" என்று அழுதான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். "இவளெல்லாம் ஒரு தாயா?" என்று என் காதுபடவே சொன்னார்கள். டீச்சர் வந்திருந்தார். போன் பண்ணட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு போகும்வரை விடவில்லை.

அவன் அழுதது பொய் என்று நான் சொல்லமாட்டேன். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. நிஜமாகவே மனம் மாறியிருக்கலாம். ஆனால் மாறினானா இல்லையா என்று உங்கள் இருவரையும் வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பா உன்னைக் கேட்டார். கேட்கவில்லை என்று எழுதினால் உனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் கடைசி இரண்டு நாளும் கேட்டார். அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. நீ காலேஜிலிருந்து வருகிறாய் என்று நினைத்துக்கொண்டார். "பஸ்ஸு ஏறிட்டாளா?" என்றார். "ஏறிட்டா, வந்துக்கிட்டிருக்கா" என்று சொன்னேன். அப்புறம் பேசவில்லை.

இனி ஆஸ்பத்திரி இல்லை. எனக்கு டவுனுக்கு வரக் காரணமும் இல்லை. டீச்சர் வீட்டை உன் அண்ணனும் விஜயபாண்டியும் நோட்டம் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. நீயும் எழுதாதே. நானும் எழுதமாட்டேன். படிப்பை நிறுத்திவிடாதே. அங்கேயே வேலை தேடிக்கொள்ளுங்கள். பயம் குறையும் நாளில் ஒரு பிள்ளை பெற்றுக்கொள்.

நாளைக்கு எனக்கு உடம்பு முடியவில்லை என்று சேதி வரும். யாராவது அழுதுகொண்டே சொல்வார்கள். நம்பாதே. அது நிஜமாகவே இருந்தாலும் வராதே.

உன் அம்மா
சந்தனம்மாள்