அமுதா பெயிலாக வேண்டும்

6.6.05, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். உப்பளக் காற்றில் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் இன்னும் டைம்டேபிள் போடவில்லை.

வருமான வரி ஆபீஸ் தபால். தங்கை அமுதாவுக்காக நான் கேட்ட ஊனமுற்றோர் வரிச்சலுகை கிடையாதாம். மருத்துவச் சான்றிதழில் நாற்பது சதவீதத்துக்குக் குறைவு. அவளுக்கு வயது முப்பத்திநாலு. இன்னும் தெருவைத் தனியாகத் தாண்டத் தெரியாது. போன வருஷம் சான்றிதழ் கொடுத்த டாக்டர் பெயர், கிழமை, புடவை நிறம் கேட்டார். டக்டக்கென்று சொல்லிவிட்டாள். அதனால் ஊனம் குறைவு! அப்பீல் போட வேண்டும்.

8.6
விழுப்புரம் பெரியாஸ்பத்திரி. மறுபடி மெடிக்கல் போர்டு கேட்டு மனு. கிளார்க் பல் குத்திக்கொண்டே, "தங்கச்சிய டீசென்ட்டா கூட்டிட்டு வராதீங்க சார். தல வாராம, பழைய துணியில வரட்டும். கேட்டா முழிக்கச் சொல்லுங்க." அவனுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தேன். தூ.

12.6, ஞாயிறு
தேங்காயெண்ணெய். குடை ரிப்பேர். சங்கரா மீன் நன்றாக இல்லை.

என் மனைவி சரசா: "அந்தாளு சொல்ற மாதிரியே பண்ணித் தொலைங்க."

அமுதா பரீட்சை என்றே நினைத்துவிட்டாள். காலண்டர் முன்னால் நின்று மாதங்களை ஒப்பிக்கிறாள். ஜூலையை விட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை. என்ன மனுஷன் நான்.

15.6, புதன்
அமுதாவைத் தலை பின்னி, பூ வைத்துத்தான் போர்டுக்குக் கூட்டிப்போனேன். கிளார்க் முறைத்தான்.

மூன்று டாக்டர்கள். ஒருவர் கடைசி வரை செல்போனில். பெயர் சொன்னாள், கிழமை சொன்னாள். இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் லேடி டாக்டர்:

"பஸ் ஸ்டாண்டுல வழி தெரியாம நின்னுட்டா என்னம்மா பண்ணுவ?"

"அண்ணா வரும்."

"அண்ணன் இல்லன்னா?"

என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

வெளியே கிளார்க்: "எழுபத்தஞ்சு பர்சென்ட் போட்டுட்டாங்க சார். ஸ்வீட் எங்க?" பல்லை இளித்துக்கொண்டு கை குலுக்கினான். கழுவலாம் என்றால் குழாயில் தண்ணீர் இல்லை.

பஸ்ஸில் அமுதாவுக்கு ஜன்னல் சீட். முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. திண்டிவனம் தாண்டியாச்சு.

"என்னாச்சு அமுதா?"

"எனக்குப் பதில் தெரியலன்னதும் நீ சிரிச்ச."