'சி' கட்டடம் 12-ஆம் எண் வீட்டுக்குப் புகையில்லா அடுப்பு கோருதல்

அனுப்புநர்:
சு. நாறும்பூநாதன் (வயது 16),
வீடு எண் 9, 'சி' கட்டடம்,
சிற்றாறு வாடகைக் குடியிருப்பு, தென்காசி.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு, தென்காசி.

பொருள்: எரிபொருள் சிக்கனப் புதுப்பிப்பு வேலையில் வீடு எண் 12 விடுபட்டது – விடுபடக் காரணமானவனே விண்ணப்பிப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணியளவில் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் பூனை ஒன்று மூன்று குட்டிகளை ஈன்றது என்பதையும், தாயும் சேய்களும் நலம் என்பதையும் முதற்கண் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன். இது தங்கள் அலுவலகத்தின் சாதனையாகும். இருபது வயதான இந்தக் கட்டடத்தின் மாடியில் சித்திரை வெயிலுக்குக் காக்கைகூடக் கால் மாற்றி மாற்றித்தான் நிற்கும். போன வருடம் தாங்கள் வெயில் தாங்கும் தட்டு ஓடு பதித்துச் சுண்ணாம்பு அடித்த பிறகு அது பிரசவ வார்டு ஆகிவிட்டது. இனி, வெட்கத்துக்குரிய விஷயத்துக்கு வருகிறேன்.

1. மாடிக்குத் தட்டு ஓடு பதிப்பதுடன், பன்னிரண்டு வீடுகளிலும் குழாய் வைத்த புகையில்லா அடுப்பு கட்ட உத்தரவாகி, 1986 மே மாதம் வேலை நடந்தது. பதினோரு வீடுகளில் இப்போது பாதி விறகில் சோறு வேகிறது. பன்னிரண்டாம் எண் வீட்டில் அடுப்பு கட்டப்படவில்லை.

2. அங்கே குடியிருப்பவர் திருமதி குருவம்மாள். கடலை அவித்து ஐந்தருவியில் விற்பவர். எனவே கட்டடத்திலேயே அதிக நேரம் அடுப்பெரிப்பவர். புகையில் நின்றால் பார்வை தங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நிற்காவிட்டால் கடலை வேகாது.

3. வேலை நடந்த நாட்களில் அவர் தம் மகளின் பிரசவத்துக்காக வீட்டைப் பூட்டிவிட்டு அச்சன்புதூர் போயிருந்தார். பூட்டிய வீட்டுக் கதவில் ஒரு கோடு, வேலை முடிந்த வீட்டுக் கதவில் ஒரு வட்டம் என்று நீலப் பெயிண்டில் போட்டு வைப்பது அடுப்பு வேலையை நடத்திய பரீது மேஸ்திரியின் வழக்கம். சாரல் விழுந்தால் பூச்சு காயாது என்பதால் இரண்டு செட்டு ஆட்கள் பறந்து பறந்து வேலை செய்தார்கள். மேற்பார்வையாளர் உள்ளே போகாமல் வட்டங்களை எண்ணிக்கொண்டு போனார்.

4. பன்னிரண்டாம் எண் கதவின் கோட்டை வட்டமாக்கியவன் நான். மேஸ்திரி டீ குடிக்கப் போன சமயம் அவர் டப்பாவிலேயே விரலை விட்டுப் போட்டேன். பூட்டிய வீட்டுக்குள் அடுப்பு முளைத்த மாயம் தெரியாமல் அவர் மண்டையைச் சொறிவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் யாரும் சொறியவில்லை. இன்னொரு செட்டு கட்டியிருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். வட்டம் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்தாயிற்று. மறுநாள் சாரல் விழுந்தது, ஆட்களும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். வட்டாட்சியராலும் போட முடியாத வட்டம், எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று நான் இலஞ்சி வரை போய்ப் பீற்றிக்கொண்டேன்.

5. ஊர் திரும்பிய குருவம்மாள் என்னிடம் வந்து, "ஏலே, நீதான் நல்லா எழுதுவியே, ஆபீசுக்கு ஒரு மனு எழுதித் தால" என்றார். எழுதினேன். மேஸ்திரியைப் பொய்க் கணக்குக் காட்டியவர் என்று அடுக்குமொழியில் எழுதினேன். "வேலை முடிந்ததாகப் பதிவாகியுள்ளது" என்று பதில் வந்தது. தை மாதம் இன்னொன்று எழுதச் சொன்னார். அதே பதில் வந்தது. அதற்குள் பரீது மேஸ்திரியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர் எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து, "அல்லா மேல ஆணையா நான் அந்த வட்டத்தப் போடலம்மா" என்று எல்லார் வீட்டுப் பெண்களிடமும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

6. இப்போது அதே ஆட்கள் 'டி' கட்டடத்தில் வேலை செய்கிறார்கள். சாரலுக்கு இன்னும் மூன்று வாரமே உள்ளது. ஆகவே பழைய பதிவை அடித்துவிட்டு, இந்த ஆட்கள் ஊரைவிட்டுப் போகுமுன் குருவம்மாள் வீட்டு அடுப்பைக் கட்டித்தர உத்தரவிடுமாறும், மேஸ்திரி பேரில் குற்றமில்லை என்று எழுத்தில் தருமாறும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். செங்கலும் மணலும் மூன்றாம் மாடிக்கு நானே சுமந்து தருகிறேன். எனக்குரிய தண்டனையைத் தாங்களே முடிவு செய்யலாம். என் அப்பாவிடம் விடாதிருந்தால் நலம்.

7. இதை எழுதுமுன் நேற்று குருவம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கடலையைக் கிண்டினார். "தெரியும்ல. வந்த அன்னைக்கே ஒன் டவுசர்ல நீலத்தப் பாத்துட்டேன். சொன்னா ஒங்கப்பன் ஒன்னயக் கொன்னுபோடுவான். உண்மைய நீயே எழுதிருவேன்னுதாம்ல ரெண்டு மட்டமும் ஒன்கிட்டயே வந்தேன்" என்றார். ஐயா, பெயிண்ட் விரலை நான் டவுசரில் துடைத்திருக்கிறேன். எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஊரெல்லாம் சொன்னவன், அந்த டவுசரோடுதான் அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த இரண்டு மனுக்களையும் எழுதினேன்.

தலைகுனிந்து கையெழுத்திடும்,
சு. நாறும்பூநாதன்

இடம்: தென்காசி
நாள்: 16-5-1987