கறள் பிடித்த அடிச்சட்டம்

ஆனி மாதம், வியாழக்கிழமை இரவு.

பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதென்று இன்று பிக்கப்பை கராஜில் காட்டினோம். கராஜ்காரத் தம்பி கீழே படுத்து, ஸ்குரூ டிரைவரால் அடிச்சட்டத்தில் ஒரு குத்துக் குத்தினான். கறள் ஏறித் துருப்பிடித்த இரும்புக்குள் அது இறங்கி நின்றது.

"கடல் தண்ணியிலையோ கழுவிறனீங்கள், அண்ணை?"

"ஓம்," என்றார் இவர், என் மனுசன்.

மருதனார்மடம் சந்தையில் மீனை இறக்கிவிட்டு மயிலிட்டிக்குத் திரும்பியதும், நல்ல தண்ணீரை வீணாக்கக்கூடாதென்று கடல் தண்ணீரை அள்ளி ஊற்றித்தான் கழுவுவார். அங்கே எல்லோரும் அப்படித்தான். இவர் அடிப்பக்கத்தையும் விடமாட்டார். அந்தக் கவனம்தான் வினையாகிவிட்டது.

"சட்டத்தை மாத்திறதுதான் நல்லது. தகடு வைச்சு ஒட்டலாம், ஆனா பாரத்தோடை எப்ப முறியுமெண்டு சொல்லேலாது."

மாற்றுவதென்றால் வேறு சட்டம் தேடிப் பிடிக்கும்வரை தொழில் இல்லை. இவர் குனிந்து அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒட்டிவிடும் தம்பி."

பின்னேரம் ஒட்டி எடுத்து வந்தோம். தினமும் போல நான் பக்கத்து சீட்டில் இருந்தேன்.

சாப்பிடும்போது சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"நாளைக்கு நீர் சந்தைக்கு பஸ்ஸிலை வாரும்."

"ஏன்?"

கை கழுவ எழும்பிப் போய்விட்டார். எப்போது முறியுமென்று தெரியாத வண்டியிலிருந்து என்னை மட்டும் இறக்கிவிடப் பார்க்கிறார்.

இவர் இப்போது நல்ல நித்திரை. பிக்கப்பை ஸ்டார்ட் பண்ணும் திறப்பு என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. விடிய எழும்பித் தேடட்டும்.