ஜப்பான் பாட்டுக்கு இரண்டு தட்டு

காந்திநகர், மைசூரு
12 ஜூன் 1998

அன்பு மகன் ஹேமந்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். மாதேஸ்வரன் சாமி புண்ணியத்தில் நானும் உன் தங்கை சுசித்ராவும் சுகம், முழங்கால் வலி மட்டும் வாடகை கொடுக்காமல் என்னிடம் குடியிருக்கிறது, அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். ஜப்பானிலிருந்து நீ அனுப்பிய பாட்டு கேசட் போன வாரம் வந்தது. கூடவே கடிதம் என்று இரண்டே வரி. கம்பெனியில் பயிற்சியை இன்னொரு வருஷம் நீட்டிக் கேட்டிருக்கிறேன், ஆடியில் அப்பா தெவசத்துக்கு வரமாட்டேன் என்று. அதைப் படித்த அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை, சுசித்ராதான் ஹோட்டலில் இட்லி வாங்கிவந்தாள்.

சரி, முதலில் நீ கேட்டதற்குப் பதில். எந்த பேண்டு கேட்கிற மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். உறைமேல் நீ எழுதுகிற ஜப்பான் எழுத்து எனக்குக் கோழி கிளறினது போல இருப்பதால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒருத்தன் பல்வலிக்காரன். வலி தாங்காமல் அவன் கத்துகிறான், அவனுக்கு மேலே கிட்டார் கத்துகிறது. அவனைக் கேட்டால் எனக்கே பல் கூசுகிறது. இன்னொருத்தி மழைக்காரி. மெதுவாகத்தான் ஆரம்பிக்கிறாள், போகப்போக டிரம்ஸ் தகரக்கூரையில் மழை மாதிரி இறங்குகிறது. கத்தரிக்காய் நறுக்கும்போது அவள் பாட்டு என் வாயில் வந்துவிடுகிறது, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும். பக்கத்து வீட்டு தேவம்மா, இது ஹனூர்ப் பக்கத்துத் தமிழா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உன் அப்பாவுக்கு இந்தப் பாட்டு ஆகாது என்று நீ நினைக்கிறாய். நீ கிளம்பிய அன்று அவர் டேப்பை நிறுத்தி, இது பாட்டா, பிரேக் கட்டை உரசுகிற சத்தமா என்று கேட்டார். நீயும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறினாய். மூன்றே மாசத்தில் அவர் போய்விட்டார், உனக்கு லீவும் கிடைக்கவில்லை. அவர் கோபத்தோடே போனார் என்று நீ மனசில் முள்ளை வைத்துக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் இந்த வீட்டு வாசலை மிதிக்கப் பயப்படுகிறாய். பெற்றவளுக்குத் தெரியாதா கண்ணு. அதனால்தான் கீழே வருவதை எழுதுகிறேன். பகலில் படி, தனியாக இருந்து படிக்காதே.

அப்பா காலமெல்லாம் ஹனூர் ரூட்டில் கண்டக்டர். விசில் பிடிக்காது, மோதிரம் போட்ட விரலால் பஸ் கம்பியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். வீட்டிலும் அப்படித்தான், குழம்பு பிடித்திருந்தால் தட்டு விளிம்பில் இரண்டு, போதும் என்றால் ஒன்று. நீ ரேடியோ முன்னால் டேப்பை வைத்துப் பதிவு செய்வதால் உன் அறைச் சத்தமும் சேர்ந்து வருகிறது, வெளியே ரயில் போவது, நீ தும்முவது எல்லாம். அப்பா இருந்தபோது வந்த முதல் கேசட்டில் வேறு ஒன்றும் இல்லை. அவர் போனபிறகு வந்த கேசட்டில் மழைக்காரி வாயைத் திறந்ததும் டக் டக் என்று இரண்டு தட்டு. டிரம்ஸ் என்று விட்டுவிட்டேன். அடுத்து பல்வலிக்காரன் வந்தான், பாதிப் பாட்டில் ஒரே ஒரு தட்டு. நாடாவைத் திருப்பி ஓட்டி மறுபடியும் கேட்டேன். அடுத்த கேசட்டிலும் அதே கதை, அவளுக்கு இரண்டு, அவனுக்கு ஒன்று. டேப்பையும் கேசட்டையும் ரேடியோ கடை கணேஷ்குமாரிடம் கொண்டுபோனேன். டேப் ஹெட்டைத் துடைத்து, தன் செட்டிலும் போட்டுப் பார்த்துவிட்டு, அங்கே வெந்நீர் பைப் சூடாகும்போது இப்படித் தட்டும் அம்மா என்றான். எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று பைப்புக்குத் தெரியுமா என்று கேட்டேன். கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். சுசித்ராவோ, அண்ணன்தான் அப்பா நினைப்பில் தட்டுகிறான் என்றாள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல், நானே அவர் விரலிலிருந்து கழற்றிய மோதிரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டினேன். அச்சு அசலாக அதே சத்தம்.

இப்போது வந்த கேசட்டில் பாட்டு முடிந்தும் நீ டேப்பை நிறுத்த மறந்துவிட்டாய். நீ இருமுகிறாய், செருப்பை மாட்டுகிறாய், கதவைச் சாத்துகிறாய், சாவி திரும்புகிறது. உன் காலடி தேய்ந்து போகிறது. அப்புறம் அறையில் ஒரு சத்தமும் இல்லை. நிறுத்தலாம் என்று நான் கையை நீட்டினேன், அப்போது ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று. நிறுத்து, நிறுத்து என்று நாடா தீரும்வரை அந்த ஒற்றைத் தட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. பட்டப்பகலில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது, எழுந்து வாசலில் போய் நின்றேன்.

நின்று அழுது முடித்தபிறகு கோபம்தான் வந்தது. பார், ஊரில் எல்லாப் பொம்பளைக்கும் செத்த புருஷன் கனவிலாவது வருகிறான். எனக்கு இந்த ஒரு வருஷமாக ஒரு நிழல்கூடத் தட்டவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடக்கூடச் சோம்பேறித்தனப்பட்ட மனுஷர் கடல் தாண்டி மகன் அறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார். கோபம் இருக்கிறவர் அவ்வளவு தூரம் போவாரா, நீயே சொல். உன் பாட்டு அவருக்குப் பிடித்திருக்கிறது. மழைக்காரி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒரே அபிப்பிராயம், இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அதனால் நீட்டிப்பு வேண்டாம் என்று நாளைக்கே ஆபீசில் சொல்லிவிடு. ஆடி பிறக்குமுன் வந்து சேர். மழையில் தலையை நனைக்காதே, பச்சை மீனை அதிகம் தின்னாதே. மாதேஸ்வரன் உனக்கு ஆயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கிளம்புகிற அன்று மழைக்காரி பாட்டை ஒருமுறை போடு. முடிந்ததும் வாசலில் நின்று, அப்பா வாங்க, வீட்டுக்குப் போகலாம் என்று வாய்விட்டுக் கூப்பிடு. வெட்கப்படாதே, அந்த ஊரில் யாருக்கும் தமிழ் தெரியாது. இரண்டு தட்டு கேட்கும்வரை கதவைப் பூட்டாதே.

உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைக்கக் காத்திருக்கும்,
அம்மா சுலோசனா