மூன்று முறை கேட்டாகிவிட்டது

எருசலேம்
எலுல் 12

அன்புள்ள பெய்லா,

நலமா? உன் வீட்டுக்காரர் மோட்டலும் பிள்ளைகளும் நலமா? போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

நெகாமாவுக்குப் பார்த்த அந்தப் பையனின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்க சிநேகிதி பொண்ணு நெகாமாவுக்கு உடம்புல ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். கல்யாண விஷயத்தில் கேட்டால் மறைக்கக் கூடாது என்பது நம் சட்டம். சின்ன வயதில் வலிப்பு வந்ததைச் சொன்னேன். அவர்கள் பின்வாங்குவார்கள் என்று கண்டேனா?

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் வருகிறது. நோன்பிருந்தால் கடவுளுக்குச் செய்த பாவம்தான் தீரும். மனிதருக்குச் செய்தது அவர்களே மன்னித்தால்தான் தீரும். என்னை மன்னித்துவிடு.

உன் பிரியமுள்ள,
ஷிஃப்ரா

எருசலேம்
எலுல் 24

அன்பு பெய்லா,

பதிலே இல்லையே. ஊரார் பேசுவது என் காதிலும் விழுகிறது. என் ரிவ்காவை அதே பையனுக்கு நிச்சயம் செய்தது உண்மைதான். ஆனால் தரகர்தான் தானாக வந்து கேட்டார். நான் திட்டம் போட்டவள் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நமக்குள் இந்த மௌனம் வேண்டுமா? இரண்டாம் முறையாக மன்னிப்புக் கேட்கிறேன்.

ஷிஃப்ரா

எருசலேம்
திஷ்ரி 4

பெய்லா,

புத்தாண்டுக்கு ஆப்பிளைத் தேனில் தோய்க்கும்போது உன்னைத்தான் நினைத்தேன். இது மூன்றாவது முறை. மூன்று முறை கேட்டும் மன்னிக்காவிட்டால், கேட்டவள் மேல் குற்றமில்லை என்று எங்கள் மதகுரு ரப்பியும் சொல்லிவிட்டார். ரிவ்காவின் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடு.

ஷிஃப்ரா

பினே பிராக்
திஷ்ரி 9, காலை

ஷிஃப்ரா,

தபாலில் போட்டால் இன்று மாலை நோன்பு தொடங்குமுன் கிடைக்காது. உங்கள் ஊருக்கு வரும் என் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மறைக்காமல் சொன்னாயாம். ஏழு வயதோடு வலிப்பு நின்றதையும், டாக்டரே மாத்திரையை நிறுத்தியதையும் மட்டும் ஏன் விழுங்கினாய்? அன்று ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதவள் நீ. வெளியாள் எவளாவது சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். இந்த விஷயத்தை நான் சொன்னது உன் ஒருத்தியிடம்தான்.

மூன்று முறை கேட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறாய். யாரிடம் கேட்டாய்? அவர்கள் வேண்டாம் என்றது என்னையா? அதற்கப்புறம் வேறு தரகர் யாரும் எங்கள் படியேறவில்லை, அது என்னாலா?

உன் கடிதங்களைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வருபவள் நெகாமாதான். உறையைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டாள். நான் படித்து முடிக்கும்வரை நிற்பாள். மூன்றாவது கடிதம் வந்த அன்று கேட்டே விட்டாள்: "ஷிஃப்ரா சித்தி எனக்கு ஒண்ணும் எழுதலையாம்மா?"

எனக்குச் செய்ததை மன்னிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அது என் பாடு. அவளிடம் நீ இன்னும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பெய்லா