முதல் நம்பர் எங்கிட்ட இருக்குன்னு சொன்னது

12-7-86, சனி

பேய்க் காத்து. கடை வாசல்ல நிறுத்தின வாடகை சைக்கிள் அத்தனையும் வரிசையா சாஞ்சுருச்சு. ஒரே கையில எல்லாத்தையும் தூக்கி நிறுத்தினேன். பாக்கத்தான் ஆளில்ல.

ரெண்டு பஞ்சர். ஒரு செயின். மதிய வண்டி லேட்.

மொரப்பூர் ஸ்டேஷன் புக் ஸ்டால்ல இந்த மாச காமிக்ஸ் வந்தாச்சு. ஸ்டால்காரரு எனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தாரு. ஜில்லாவுலயே மொத ஆளா படிக்கறவன் நாந்தான். எட்டாவதோட நின்னவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா படத்தைப் பாத்தே மிச்சக் கதைய சொல்லிருவேன். எழுதினவனே கேட்டா அசந்துருவான்.

சாயங்காலம் உலை வெச்சுகிட்டே என் பொண்டாட்டி சரோஜா: "உங்க தம்பிய தருமபுரி ஆஸ்பத்திரியிலருந்து வூட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்களாம். காமாலை முத்திப்போச்சாம். வயிறு பானையாட்டம் இருக்காம்."

"எந்தத் தம்பி?"

சோறு போடும்போது அவ கரண்டி சத்தம் ஜாஸ்தி.

13-7, ஞாயிறு

சேகர் வூடு அடுத்த தெரு. அஞ்சு வருசமா அந்தத் தெருவுல கால் வெக்கல. சுத்திப் போறது ஒடம்புக்கு நல்லதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்.

அண்ணன் தம்பிக்குள்ள கிணத்துத் தண்ணி முறையில வந்த சண்டை. பாகம் பிரிக்க வந்த பெரியவங்க அண்டா, குண்டா பிரிச்ச கையோட எங்க காமிக்ஸ் பொட்டியையும் தொறந்துட்டாங்க. டவுசர் காலத்துலருந்து ரெண்டு பேரும் ஒண்ணா சேத்தது. சீட்டாட்டத்துல சீட்டு போடற மாதிரி போட்டாங்க. மேல இருக்கறது உனக்கு, அடுத்தது அவனுக்கு. அப்பறம் பாத்தா ரெண்டு பாகத்துக் கதை பூரா மொத பாகம் எங்கிட்ட, ரெண்டாம் பாகம் அவங்கிட்ட. செத்தது யாருன்னு எனக்குத் தெரியும். கொன்னது யாருன்னு அவனுக்குத்தான் தெரியும்.

மாத்திக்கலாமான்னு அவனும் கேக்கல. நானும் கேக்கல.

ராத்திரி சோறு எறங்கல. வெயில்ல நின்னதுதான் காரணம்.

14-7, திங்கள்

போய்ட்டேன்.

கையில கீழாநெல்லி ஒரு கட்டு. வத்தல்மலை உச்சியில ஏறிப் பறிச்சேன்னு சொன்னேன். ஸ்டேஷன் வேலியோரம் பறிச்சது.

வாசல்ல தம்பி பொண்டாட்டி மல்லிகா. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா மாமா?" ஆனா வழிய விட்டுருச்சு.

கயித்துக் கட்டில்ல கெடக்கான். கண்ணு ரெண்டும் மஞ்சக் கிழங்கு. கை குச்சி. எனக்கு சின்னவன், எனக்கு அப்பா மாதிரி இருக்கான்.

ரெண்டு பேரும் ஃபேனையே பாத்தோம். அப்பறம் அவன்தான்: "இந்த மாசத்து வந்துருச்சாண்ணா?"

நான் கிணத்தைப் பத்தி ஏதாச்சும் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். வந்தது வேற. "இந்த மாசத்தை வுடு. முதல் நம்பரே எங்கிட்ட இருக்கு. பெங்களூர்ல புடிச்சேன்."

முதல் நம்பர்னா நீலக்கையுறை துப்பறிவாளன் மொத மொதல்ல வந்த புத்தகம். நாங்க சேக்க ஆரம்பிச்சதே மூணாம் நம்பர்லருந்து. அதைக் கண்ணால பாத்தவன் இந்தப் பக்கம் எவனும் இல்ல. நானும் இல்ல.

சேகர் தலைய மெதுவா திருப்பினான். "அட்டையில என்னண்ணா படம்?"

"புலி. நீலக்கையுறை அது வாயை ரெண்டா பொளக்கறான்."

"அப்பிடியா?"

"பல்லு ஒவ்வொண்ணும் வாழக்கா சைஸு."

சிரிச்சான். சிரிப்பு இருமலாச்சு. மல்லிகா தண்ணியோட ஓடியாந்துச்சு.

கெளம்பறப்போ: "கொண்டாங்கண்ணா. பாத்துட்டுப் போறேன்."

எங்க போறேன்னு நான் கேக்கல.

16-7, புதன்

புக் ஸ்டால்காரர்கிட்ட முதல் நம்பர் கேட்டேன். "மணி மாமா, அது வந்தப்போ நான் அரை டவுசர்"னாரு. அரூர் சந்தையில பழைய புத்தகம் பரப்பறவன்கிட்ட சொல்லி அனுப்பியாச்சு. சேலத்துக்கு வண்டியில போற டி.டி.ஆர்.கிட்டயும். எனக்காக ரயிலையே நிறுத்தறவங்க.

தெனம் போறேன். புத்தகம் பைண்டிங்ல இருக்குன்னு சொல்லிட்டு கதைய மட்டும் சொல்றேன். இன்னிக்கி நீலக்கையுறை ஹெலிகாப்டர்ல தொங்கிட்டே சுட்டான்.

"நேத்து லாரின்னீங்க."

"லாரியத்தான் ஹெலிகாப்டர் தூக்கிட்டுப் போவுது. அதுல தொங்கறான்."

"ஓ."

மல்லிகா கதவோரம் நின்னு: "ஒரு மாசமா இந்த மனுசன் சிரிச்சு நான் பாக்கல மாமா." சொல்லிட்டு உள்ள போயி மூக்கை உறிஞ்சுது.

கஞ்சி ரெண்டு கரண்டி குடிச்சான். வயிறு நேத்தைக்கு இன்னிக்கி பெருசு.

18-7, வெள்ளி

தருமபுரி பஸ். ஜன்னல் சீட்டு.

காதர் பாயோட பழைய பேப்பர் கடை. கூரை வரைக்கும் கட்டு. பாய் தராசுக்குப் பின்னால. முதல் நம்பர் வேணும், தம்பி கேக்கறான், அவனுக்கு நாள் அதிகமில்லன்னேன். பாய் கண்ணாடியக் கழட்டிட்டு என்னையே பாத்தாரு.

"யாரு, ரேஷன் கடை சேகரா? அதை ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே அவருதாங்க வாங்கிட்டுப் போனாரு."

"இல்ல பாய். வேற புத்தகமா இருக்கும்."

"நானே கட்டுலருந்து உருவிக் குடுத்தேங்க. குதிச்சாரு மனுசன். எங்கண்ணன் பாத்தா வயிறெரிவான்னாரு. அப்ப போயி காட்டுங்களேன்னேன். பேச்சு வார்த்த இல்ல பாய், பேசற அன்னிக்கி காட்டறேன்னு சட்டைக்குள்ள வெச்சிட்டுப் போனாரு."

பாய் டீ சொன்னாரு. குடிக்கல. வேலை இருக்குன்னுட்டேன். பஸ் ஸ்டாண்டுல மூணு மொரப்பூர் பஸ்ஸை வுட்டுட்டேன். கூட்டம்.

புலியச் சொன்னேனே. பல்லு வாழக்கா சைஸுன்னேனே. அப்பிடியான்னு கேட்டுட்டு இருந்தானே.

19-7, சனி

"கொண்டாந்தீங்களாண்ணா?"

"மறந்துட்டேன்."

"செரி. எங்க விட்டீங்க? ஹெலிகாப்டர்."

சொன்னேன். கதை ஓடவே இல்ல. கடத்தல்காரனைப் பாதியிலயே சாகடிச்சிட்டேன். அப்பறம் கேட்டேன்: "நீ அந்தப் புத்தகத்தைப் பாத்திருக்கியாடா?"

ஃபேனைப் பாத்தான். "நான் எங்கண்ணா பாக்கறது. நீங்க காட்டுனாத்தான்."

அவன் கால் வீங்கி இருந்துச்சு. புடிச்சு வுட்டேன். விரல் அமுக்குன எடம் குழியாவே நின்னுச்சு.

21-7, திங்கள்

ஆடி மொத திங்கள். சரோஜா தீர்த்தமலை சாமிக்கு வேண்டிகிட்டா. நானும். வெளிய சொல்லல.

சேகருக்குக் கொரல் எறங்கிப்போச்சு. வாய்கிட்ட காது வெச்சுக் கேக்கணும். மல்லிகாவைப் பாத்து கண்ணைக் காட்டினான். அது உள்ள போயி அரிசி டின்னுலருந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்தாந்து அவன் நெஞ்சு மேல வெச்சுது.

"அண்ணா. போன வாட்டி வந்தப்போ உங்க புத்தகத்தை இங்கயே வெச்சிட்டுப் போயிட்டீங்க."

முதல் நம்பர். மூலை கூட மடங்கல.

அட்டையில புலி இல்ல. ஒரு கதவு. அதுக்கு முன்னால லாந்தரோட நீலக்கையுறை நிக்கறான். அவ்வளவுதான்.

"புலி எங்கடா?"

"உள்ள போயிருக்கும்ணா."

நான் சிரிச்சேன்னுதான் நெனைக்கறேன். மல்லிகா எதுக்கு என் தோளைப் புடிச்சுதுன்னு தெரியல.

கிணத்தைப் பத்தி ரெண்டு பேரும் பேசல. மொத ரெண்டு பக்கம் படிச்சேன். எழுத்துக் கூட்டி, இருக்கறதை இருக்கற மாதிரியே. வரி தப்புனா அவன் ஒதடு முன்னாடியே சொல்லுது. மனப்பாடம்.

மிச்சம் நாளைக்குன்னான்.

22-7, செவ்வாய்

சேகர் போயிட்டான். காலையில.

26-7, சனி

தூறல். கடை தொறக்கல.

துக்கம் கேக்க வர்றவங்களுக்கு காபி குடுக்கற வேலை. மல்லிகா சொவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கு. சரோஜா அங்கயே கெடக்கா.

மத்தியானம் பாப்பிரெட்டிப்பட்டி ரேஷன் கடைக்காரரு ரங்கநாதன் வந்தாரு, சேகர் கூட வேலை பாத்தவரு. எனக்கும் பழக்கம். பக்கத்துல உக்காந்து தொடையத் தட்டினாரு. "எப்பிடிய்யா ஆச்சு? மணி, நீ சொல்லு. நீ சொன்னாத்தான் ஒரு விசயம் கண்ணுல தெரியும்."

வாயைத் தொறந்தேன்.

"காமாலை. செவ்வாக்கெழம. காலையில."

அவரு இன்னும் ஏதோ வரும்னு என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாரு. காபி ஆடை கட்டிருச்சு.