மேசையடியில் ஒரு ஜோடிச் செருப்பு

அன்புள்ள அக்கா,

முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. எத்தனையோ பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சலித்துப்போயிருந்த எனக்கு, இந்தக் கணிதப் பேராசிரியர் மட்டும் அன்றே பதில் போட்டார். நேர்முகத்தில் ஒரு கணக்குக்கூடக் கேட்கவில்லை. வீட்டில் யார் யார் என்றுதான் கேட்டார். அப்பா இல்லை என்றதும் தலையாட்டிக்கொண்டார்.

எனக்குத் தந்த மேசையடியில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. முன்பிருந்த ஆய்வு மாணவியுடையதாம்.

"படிப்பே வேணாம்னு வீட்டுக்குப் போயிட்டா. அவ விட்ட எடத்துலேருந்து நீ ஆரம்பிம்மா" என்றார்.

நேற்று அவர் வகுப்புக்குப் போயிருந்தபோது மேசைத் தொலைபேசி அடித்தது. யாரோ ஓர் அம்மா.

"என் பொண்ணு இருக்காளா? ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கம்மா. எப்பக் கேட்டாலும் வேலையா இருக்கான்னே சார் சொல்றாரு."

சட்டென்று ரிசீவரை வைத்தேன். அதற்குள் அவர் வாசலில் நின்றார். "போன்ல யாரும்மா?"

"ராங் நம்பர் சார்."

சிரித்துக்கொண்டே என் அசல் சான்றிதழ்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அம்மாவிடம் இடம் கிடைத்ததை மட்டும் சொல். நீ அத்தானைக் கூட்டிக்கொண்டு உடனே வா. என் கைபேசிக்கு மட்டும் அழைக்காதே. கவனம் கெடுமென்று அதையும் அவரே வாங்கி வைத்திருக்கிறார்.

உன் தங்கை